இட்லிப்பூச் செடியில் கொழுந்து மஞ்சளாவது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவைத் தோட்டம்:
சுற்றுச்சுவரை ஒட்டி நட்ட இட்லிப்பூச் செடிகளில் கொழுந்து இலைகள் மட்டும் வெளுத்தன. நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. அடி இலைகள் நன்றாகவே இருந்தன. யூரியா போடும்படி பலர் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. யூரியா கொடுப்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது குறைந்தால் செடி அடி இலையிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் பழுக்கும். இரும்புச்சத்து அப்படி நகராது. கொழுந்து வெளுத்தால் என் சந்தேகம் முதலில் இரும்பின் மேல்தான்.

சுவர் பூசியபோது கொட்டிய சிமெண்ட் கலவை மண்ணில் கலந்திருந்தது. எங்கள் ஊர்க் கரிசலில் சுண்ணாம்பு ஏற்கெனவே அதிகம். காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் தெளித்தேன். அடுத்து வந்த தளிர்கள் பச்சையாக வந்தன. தெளிக்கும்போது தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை லேசில் போகாது.

புல்வெளி மதுரை:
எங்கள் குடியிருப்பில் கொரியன் புல் முழுவதும் வெளிறி, வளர்ச்சியும் நின்றிருந்தது. புல்லின் அடி இலைதான் முதலில் மஞ்சளானது. வெட்டிய புல்லை ஒவ்வொரு முறையும் வாரிக் கொட்டிவிடுவார்கள், அதிலிருந்த தழைச்சத்தும் கூடவே போய்விடும். இப்போது பொடியாக வெட்டி அங்கேயே விடுகிறோம். அமோனியம் சல்பேட்டும் சிறிதளவு போட்டு, உடனே தண்ணீர் பாய்ச்சுகிறோம்.

திருச்சி அக்கா:
அலங்காரப் பனைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடி மட்டைகளின் நுனி கருகிச் சுருண்டால் பெரும்பாலும் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ் குறைபாடு. பார்க்க நன்றாக இல்லையென்று அந்த மட்டைகளை வெட்டித் தள்ளுகிறார்கள். எனக்கு மனம் பதறுகிறது. மரம் அவற்றிலிருந்துதான் சத்தை உறிஞ்சிப் புது ஓலைக்குக் கொடுக்கிறது. வெட்டினால் அடுத்த வரிசையும் கருகும். முழுக்கக் காய்ந்த பிறகு எடுங்கள். பொட்டாஷ் வைக்கும்போது மெக்னீசியம் சல்பேட்டும் சேருங்கள். பொட்டாஷ் மட்டும் மிகுந்தால் மெக்னீசியம் குறைபாடு வரும்.

கோவைத் தோட்டம்:
நன்றி அக்கா. இன்னொன்று: வேரில் தண்ணீர் தேங்கினாலும் கொழுந்து இதே போல வெளுக்கும். அன்னபேதி வாங்கும் முன் ஒரு சாண் ஆழம் தோண்டி, மண் சொதசொதப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.