100 செ.மீ மேசைக்கு 27 அங்குல மொனிட்டரா, 34 அங்குலமா?

வெள்ளவத்தையில் சின்ன அறை. மேசை 100 செ.மீ அகலம், ஆழம் 55 மட்டும். இப்போதிருப்பது 24 அங்குல ஃபுல் எச்டி மொனிட்டர். கணக்கு வேலை; எக்செலில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் எழுத்து சிறுத்துப் போகிறது. மூன்று மாதமாகப் பின்னேரமானால் கழுத்து இழுக்கிறது, கண் எரிகிறது.

புத்தகம் அடுக்கி மொனிட்டரை உயர்த்தினேன். எழுத்தை 125 சதவீதமாக்கினேன். அப்புறம் தாளில் பாதி தெரியவில்லை. கணினிக் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசாவில் போய்ப் பார்த்தால், நின்று பார்க்க எல்லாமே அளவாகத்தான் தெரிகிறது. வீட்டில் காட்போட் மட்டையை 34 அங்குல அல்ட்ராவைட் (வழக்கத்தைவிட அகலமான திரை) அளவுக்கு வெட்டிச் சுவரில் சாய்த்தேன். அகலம் 80 செ.மீ! ஓரத்தைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. 27 அங்குலம் 60 செ.மீதான், உயரம் கிட்டத்தட்ட அதேதான்.

கண்ணுக்கும் திரைக்கும் 60 செ.மீ மட்டுமே கிடைக்கிற இந்த மேசைக்கு 27 அங்குல 1440பி (ஃபுல் எச்டியைவிடக் கூர்மையானது) எடுக்கவா, வளைந்த 34 அங்குலமா?