பொசிவா, சுவறலா, கரைந்திறங்கலா?

அன்பின் குழுவினருக்கு,

கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில் மணல் தரையில் வெங்காயம், மிளகாய், கத்தரி என்று தோட்டம் செய்கிறவர்களுக்கானது. பன்னிரண்டு பக்கத்தில் பதினொன்று முடிந்தது. ஒரு சொல்லில் நிற்கிறேன்: போட்ட நைதரசன் நீரில் கரைந்து, வேரைத் தாண்டிக் கீழே போய்விடுவதற்கு என்ன பெயர்?

மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலானோர் 'பொசிவு' என்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. "நெல்லுக் கிறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்" என்று மூதுரை படித்துத்தானே வளர்ந்தோம். அங்கே பொசிவது நீர். அது பக்கத்தில் பரவுகிறது, புல்லும் பிழைக்கிறது. இங்கே போவது சத்து, அதுவும் கீழ்நோக்கி. ஒரு புல்லுக்கும் பலனில்லை. 'ஊடுவடிதல்' என்பதோ மண்ணினூடாக நீர் வடியும் அசைவுக்கு உரிய சொல். அதை அந்த வேலைக்கே விடுவோம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவர்களுக்கு: யூரியாவில் 46 வீதம் நைதரசன். மண்ணில் அது முதலில் அமோனியம் ஆகிறது. அமோனியத்துக்கு நேர் மின்னேற்றம், களிமண் துணிக்கைக்கு மறையேற்றம். களி அதைப் பிடித்து வைக்கும். பிறகு பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்று ஆக்குகின்றன. நைத்திரேற்றுக்கும் மறையேற்றம் என்பதால் பிடிக்க ஆளில்லை. எங்கள் மணலிலோ களியே அரிது. வெங்காய வேர் ஓரடிக்குக் கீழே பெரிதாகப் போகாது. அளவுக்கு மிஞ்சி இறைக்க இறைக்க நைத்திரேற்று அந்த ஓரடியைக் கடந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் நிலத்தடி நீருக்குத்தான். அதே கிணற்றில்தான் குடிக்கவும் அள்ளுகிறோம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருப்பது, கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் என்பதால். அதனால் சொல்லைக் கேட்டவுடனே 'கீழே போகிறது' என்று விளங்கவேண்டும்.

போன கிழமை வகுப்பில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களின் அடியை வெட்டி, கவிழ்த்து, மூடியில் துளையிட்டோம். ஒன்றில் தோட்டத்து மணல், மற்றதில் தம்பலகாமம் வயல் மண். இரண்டிலும் கொஞ்சம் நீல மை விட்டு, ஒவ்வொரு குவளை தண்ணீர் ஊற்றினோம். மணல் போத்தல் குவளையை வைக்குமுன் நீலமாகச் சொட்டத் தொடங்கிற்று. வயல் மண்ணின் மேலே தண்ணீர் தேங்கி நின்றது. முன்வாங்கில் இருந்த பிள்ளை, "ரீச்சர், மை இறங்கீட்டு" என்றாள். சொல் அங்கேயே கிடைத்துவிட்டது. 'கரைந்திறங்கல்.' 'பசளை கரைந்திறங்கும்' என்று வினையாகவும் தடையில்லாமல் வரும். சுருக்கிக் 'கரையிறக்கம்' ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். துறைமுகம் உள்ள ஊரில் அது கப்பல் சாமான் இறக்குவதாகத்தான் கேட்கும்.

சென்னை நண்பர் கேட்டது: பசளை என்பது கீரையல்லவா, உரம் என்று எழுதினால் என்ன? இங்கே உரம் என்றால் விளங்கும், ஆனால் தோட்டத்தில் வாயில் வருவது பசளைதான். நைதரசன் குறைந்தால் முதலில் முதிர்ந்த இலை வெளிறும். அந்த நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, காதலனைப் பிரிந்தவளின் மேனியில் படரும் பசலைதான் நினைவுக்கு வரும். "ஊருண் கேணி உண்துறைத் தொக்க பாசி அற்றே பசலை" என்கிறது குறுந்தொகை. இங்கே பசளை பயிருக்குக் கிடைக்காமல் இலையில் பசலை. போன பசளை கேணியில் சேர்ந்து பாசி. விடயத்தை விட்டு விலகிவிட்டேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிலாவெளியிலிருந்து

---

பிள்ளை,

கரைந்திறங்கல் ஒரு சொல் அல்ல, ஒரு விளக்கம். 'சுவறல்' இருக்க ஏன் ஒட்டுப்போடுகிறீர்? மணலில் தண்ணீர் சுவறிப்போச்சு என்று சொல்லாத வீடு எங்கள் பக்கம் உண்டா? அதன் துணைச்சொல்லையும் பாரும்: உவறுதல், ஊறி மேலே வருதல். சமணர் அமணர், சிப்பி இப்பி என்பவைபோலச் சகரம் கெட்ட வடிவம் என்பது என் துணிபு. கீழே போவது சுவறும், கிணற்றில் மேலே வருவது உவறும். உமது நைத்திரேற்றின் முழுப் பயணமும் இந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

---

ஐயா,

உவறுதலை வாசித்து நெடுநேரம் அப்படியே இருந்தேன். ஆனால் சுவறுவது தண்ணீர். 'யூரியா சுவறிட்டு' என்றால் பயிர் உறிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நல்லதென்று மகிழ்ந்துவிடுவார்கள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

கும்புறுப்பிட்டி அண்ணை, தன் பக்கத்தில் 'பசளை அடிக்குப் போயிட்டு' என்றுதான் சொல்வார்கள், எதைப் போட்டாலும் அதைப் பக்கத்தில் எழுதிவிடு என்கிறார். எழுதுகிறேன். மறுமொழி தந்தவர்களில் கூடுதலானோர் கரைந்திறங்கலுக்குச் சம்மதம். இருவர் பொசிவிலேயே நிற்கிறார்கள். நாளை காலை பக்கங்களை அனுப்பிவிடுவேன்.

---

பிள்ளை,

அனுப்பும். நான் சம்மதித்ததாக மட்டும் எழுதவேண்டாம்.