கோடோ 4.2: ரோந்து ரோபோக்களின் மோட்டார் ஒலி லூப் ஆகவில்லை, நடக்கும்போது வெறும் உறுமல்தான் வருகிறது

பாதிரா:
எல்லோருக்கும் வணக்கம். கோடோ விளையாட்டு எஞ்சினில் ஒரு 3டி விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். பெரிய கிடங்கு, உள்ளே எட்டு ரோந்து ரோபோக்கள். ஸ்கிரிப்டில் கொடுத்த புள்ளிகள் வழியாக நடக்கும், சில இடங்களில் நின்று சுற்றிப் பார்க்கும், ஆளைக் கண்டால் துரத்தும். அதெல்லாம் நன்றாக ஓடுகிறது. நடக்கும்போது மோட்டார் இரைச்சல் தொடர்ந்து கேட்க வேண்டும், நின்றால் அடங்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை.

ஆனால் ரோபோ நகரும்போது மோட்டார் ஒலிக்குப் பதிலாக 'ட்ர்ர்ர்ர்' என்று ஒரு உறுமல் மட்டும் வருகிறது. விநோதம் என்னவென்றால், அது நின்ற பிறகுதான் உண்மையான மோட்டார் ஒலி கேட்கிறது, அதுவும் ஒரே ஒரு முறை ஓடி முடிந்துவிடுகிறது. கோப்பு வேவ் வகை, 2 நொடி, 44100 ஹெர்ட்ஸ், மோனோ. வெளியே வேறு பிளேயரில் போட்டால் ஒரு குறையும் இல்லை. ரோபோவுக்குக் கீழே ஆடியோஸ்ட்ரீம்பிளேயர்3டி நோடு (ஒலியை ஓட்டும் உறுப்பு) ஒன்று, ஸ்கிரிப்ட் இவ்வளவுதான்:

ஃபிசிக்ஸ்_பிராசஸ் உள்ளே:
— வேகம் 0.1-ஐத் தாண்டினால்
—— மோட்டார்_ஒலி.பிளே()

லூப் ஆக்குவதற்கு (முடிந்ததும் திரும்பத் திரும்ப ஓடவைக்க) அந்த நோடில் எங்கே போவது என்றும் பிடிபடவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

ஒட்டுவேலை:
ஒவ்வொரு ஃபிரேமிலும் பிளே() கூப்பிடுகிறீர்கள், அதனால்தான். கூப்பிடும் முன் 'பிளேயிங்' (இப்போது ஒலிக்கிறதா என்ற மதிப்பு) பொய்யாக இருக்கிறதா என்று ஒரு நிபந்தனை போடுங்கள். லூப்புக்கு அந்த நோடின் 'ஃபினிஷ்ட்' சிக்னலை (ஒலி ஓடி முடிந்ததும் வரும் செய்தி) எடுத்து அதிலேயே மறுபடி பிளே() கொடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பாதிரா:
உடனே பதில் சொன்னதற்கு நன்றி ப்ரோ. உறுமல் போய்விட்டது, இப்போது மோட்டார் மோட்டாராகவே கேட்கிறது. ஆனால் 2 நொடிக்கு ஒருமுறை நடுவில் ஒரு சின்ன வெட்டு விழுகிறது, அதைக் கவனித்துவிட்டால் அப்புறம் வேறெதுவும் காதில் ஏறமாட்டேன் என்கிறது. தவிர, ரோபோ நின்ற பிறகும் ஒலி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சில்லுவண்டு:
முதல் பாதி சரி, அந்த ஃபினிஷ்ட் சிக்னல் யோசனையைத்தான் நான் ஏற்கமாட்டேன். ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது தனி த்ரெட், அதாவது ஸ்கிரிப்டுக்கு இணையாகத் தனியே ஓடும் வேலை. அங்கே கோப்பு முடிந்த செய்தி உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும் முதன்மை த்ரெடுக்கு வந்து சேர அடுத்த ஃபிரேம் வரை ஆகலாம். 60 ஃபிரேம் ஓட்டத்தில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, அதற்கு மேல் புதிய பிளே() கட்டளை கலவைக்குள் போய்ச்சேரும் நேரம் வேறு. கதவு மூடும் ஒலியில் இது யாருக்கும் தெரியாது. மோட்டார், காற்று, மழை மாதிரி இடைவிடாமல் வரும் ஒலியில் அந்த ஓட்டை அப்பட்டமாகக் கேட்கும், ஃபிரேம் குறையும்போது இன்னும் மோசமாகும்.

4.2-இல் லூப் என்பது பிளேயர் நோடின் குணம் இல்லை, ஒலிக் கோப்பின் குணம். அதனால்தான் நோடில் தேடிக் கிடைக்கவில்லை. ஃபைல்சிஸ்டம் பலகையில் அந்த வேவ் கோப்பைத் தேர்ந்தெடுங்கள், சீன் தாவலுக்குப் பக்கத்தில் இம்போர்ட் தாவல் இருக்கும், அங்கே லூப் மோடை 'ஃபார்வர்ட்' ஆக்கி ரீஇம்போர்ட் அழுத்துங்கள். பலர் அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தாமலேயே 'மாற்றிவிட்டேன், வேலை செய்யவில்லை' என்று வருவார்கள். 'பிங்-பாங்' என்றும் ஒன்று இருக்கும், அது முன்னும் பின்னுமாக ஓட்டும், மோட்டாருக்கு ஒருவேளை ஒத்துவரலாம், மற்றபடி தொடவேண்டாம். லூப் ஆன பிறகு ஃபினிஷ்ட் சிக்னல் வரவே வராது, எனவே அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். கோப்புக்கு முடிவே இல்லையே, முடிந்துவிட்டதாக எப்படிச் சொல்லும்?

முதலில் ஏன் உறுமியது என்றும் சொல்லிவிடுகிறேன். பிளேயரின் மேக்ஸ் பாலிஃபோனி இயல்பில் 1, அதாவது புதிய பிளே() வந்தால் பழையது வெட்டப்பட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கும். ஃபிசிக்ஸ்_பிராசஸ் இயல்பாக நொடிக்கு 60 முறை ஓடும். ஆக கோப்பின் முதல் சில மில்லிநொடிதான் 60 முறை திரும்பத் திரும்ப ஒலித்தது, காதுக்கு அது கிட்டத்தட்ட 60 ஹெர்ட்ஸ் உறுமல். ரோபோ நின்றதும் பிளே() கூப்பிடுவது நின்றது, கடைசியாகக் கூப்பிட்டது மட்டும் தடையின்றி ஓடி முடிந்தது. கோப்பு மெதுவான ஃபேட்-இன் உடன் தொடங்கியிருந்தால் உறுமல்கூடக் கேட்டிருக்காது, ஒலியே வரவில்லை என்று நினைத்து வால்யூமைப் போட்டுத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நிற்காத பிரச்சினைக்கு: 'பிளேயிங் இல்லை என்றால் பிளே' என்பது தொடங்குவதை மட்டும் பார்த்துக்கொள்கிறது, நிறுத்தச் சொல்ல ஆளே இல்லை. உங்கள் ரோபோவுக்கு ஏற்கெனவே நடை, காவல், துரத்தல் என்று நிலைகள் இருக்குமே? ஒலியை அந்த நிலை மாறும் இடத்தில் கட்டுங்கள்.

நிலை_மாற்று(புதிய_நிலை):
— புதிய_நிலையும் இப்போதைய நிலையும் ஒன்றே என்றால் திரும்பு
— இப்போதைய நிலை = புதிய_நிலை
— நடை அல்லது துரத்தல் என்றால், ஒலிக்காமல் இருந்தால் மோட்டார்_ஒலி.பிளே()
— காவல் என்றால் மோட்டார்_ஒலி.ஸ்டாப்()

வேகத்தை வைத்துத்தான் முடிவெடுப்பேன் என்றால் ஒரே எல்லையை வைக்காதீர்கள். திருப்பத்தில் வேகம் 0.1-ஐச் சுற்றியே ஆடும், ஒலி விட்டுவிட்டு வரும். 0.3-க்கு மேல் போனால் தொடங்கு, 0.1-க்குக் கீழே வந்தால் நிறுத்து என்று இடைவெளி விட்டு இரண்டு எல்லை வையுங்கள்.

ஒட்டுவேலை:
ஃபினிஷ்ட் பற்றிச் சொன்னது நியாயம்தான். நான் அதைப் பெரும்பாலும் வசனங்களுக்குத்தான் பயன்படுத்துகிறேன், அங்கே வெட்டு தெரிவதில்லை. ஸ்டாப்() கூப்பிட்டாலும் அந்தச் சிக்னல் வராது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிரா:
அருமை! வெட்டு போய்விட்டது, நின்றால் ஒலியும் நிற்கிறது. அடுத்த சந்தேகம். துரத்தும்போது மட்டும் ஒரு அபாய ஒலி லூப் ஆக வேண்டும், அதே கோப்பு மற்ற இடங்களில் ஒரு முறை ஒலித்தால் போதும். அதனால் இம்போர்ட்டில் லூப்பை அணைத்துவிட்டு, துரத்தல் தொடங்கும்போது ஸ்கிரிப்டிலிருந்து ஸ்ட்ரீமின் (பிளேயரில் ஏற்றிய ஒலியின்) லூப்_மோடை ஃபார்வர்ட் ஆக்கினேன். ஒழுங்காக ஒலிக்கவே இல்லை. பிழைச் செய்தியும் எதுவும் இல்லை. எப்படியோ ஒரு முறை ஒலிக்க வைத்தபோது, ஒரு ரோபோவுக்கு மாற்றினால் எட்டுக்கும் மாறிவிடுகிறது.

சில்லுவண்டு:
இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாக மாட்டியிருக்கின்றன.

ஒலிக்காதது ஏன் என்றால், வேவ் ஸ்ட்ரீமுக்கு லூப்_பிகின், லூப்_எண்ட் என்று இரண்டு எண்கள் உண்டு. இம்போர்ட்டில் லூப் போட்டால் எஞ்சினே நிரப்பிக்கொள்ளும். நீங்கள் அங்கே அணைத்துவிட்டதால் லூப்_எண்ட் 0-ஆகவே கிடக்கிறது. 0-இல் தொடங்கி 0-இல் முடியும் லூப்பில் ஒலிக்க என்ன இருக்கிறது? லூப்_எண்டையும் சேர்த்துக் கொடுங்கள். அது நொடிக் கணக்கு இல்லை, சாம்பிள் (ஒலி அளவீட்டுப் புள்ளி) கணக்கு. 44100 ஹெர்ட்ஸில் 2 நொடி என்றால் 88200. கோப்பின் நீளத்தை கெட்_லெங்த்() கொடுக்கும், அதை மிக்ஸ்_ரேட்டால் பெருக்கினால் எண் வந்துவிடும். ஆக் (.ogg) கோப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே 'லூப்' என்று ஒரே ஒரு ஆம்/இல்லை.

எட்டுக்கும் மாறுவது ஏன் என்றால், ஸ்ட்ரீம் ஒரு ரிசோர்ஸ். எட்டு ரோபோவும் நினைவகத்தில் இருக்கும் ஒரே பிரதியைத்தான் சுட்டிக்கொண்டிருக்கின்றன. டூப்ளிகேட்() போட்டு அந்த ரோபோவுக்கென்று தனிப் பிரதி எடுத்து அதில் மாற்றலாம். ஆனால் நானாக இருந்தால் கோப்பையே இரண்டாக வைத்துக்கொள்வேன், ஒன்று லூப், ஒன்று லூப் இல்லாதது. 16 பிட் மோனோ 44100 ஹெர்ட்ஸில் நொடிக்கு 88 கிலோபைட்தான், 2 நொடி ஒலிக்கு 180 கிலோபைட்கூட ஆகாது. அதற்காக ஸ்கிரிப்டில் சர்க்கஸ் காட்டவேண்டிய அவசியமில்லை. பெயரைப் பார்த்தாலே எது லூப் என்று தெரியும், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது அதன் அருமை புரியும்.

அலைநீளம்:
நல்ல இழை. ஒரு விஷயத்தை இன்னும் யாரும் தொடவில்லை, எட்டு ரோபோவும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒரே ஒலி ஒரே கணத்தில் எட்டுப் பிரதியாக ஓடும். எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒத்திசைந்து ஓடும் பிரதி இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் ஏறும், எட்டுக்கு 18 டெசிபல். ஒத்திசைவு இல்லையென்றால் ஏறுவது 9 தான். சத்தம்கூடப் பரவாயில்லை, ஒன்றுக்கொன்று சில மில்லிநொடி மட்டும் விலகியிருந்தால் சில அலைவரிசைகள் தேய்ந்து சில தூக்கலாகி, குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு செயற்கையான ஒலி வரும்.

தீர்வு எளிது. பிளே() ஒரு எண் வாங்கிக்கொள்ளும், எந்த நொடியிலிருந்து தொடங்குவது என்று. 0-க்கும் கோப்பின் நீளத்துக்கும் நடுவே ஒரு சமவாய்ப்பு எண்ணைக் கொடுங்கள். கூடவே பிட்ச்_ஸ்கேலை (ஒலியின் சுருதியையும் ஓடும் வேகத்தையும் மாற்றும் எண்) ஒவ்வொரு ரோபோவுக்கும் 0.95-க்கும் 1.05-க்கும் நடுவே சிதறவிடுங்கள். லூப் நீளமே ஒவ்வொன்றுக்கும் மாறிவிடும், அப்புறம் அவை ஒன்றுசேர்ந்து துடிப்பது அபூர்வம். துரத்தும்போது பிட்ச்சை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் மோட்டார் திணறுவது போலவும் கேட்கும், தனிக் கோப்பு தேவையில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு சொடுக்கு கேட்டால் ஸ்கிரிப்டைத் தேடாதீர்கள், அது கோப்பில் இருக்கிறது. முடிவில் அலை ஓர் உயரத்திலும் தொடக்கத்தில் வேறு உயரத்திலும் இருந்தால் அந்தத் தாவல்தான் சொடுக்கு. எடிட்டரில் இரண்டு முனையையும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள், அல்லது வாலை எடுத்துத் தலையோடு கிராஸ்ஃபேட் செய்யுங்கள் (ஒன்று தேயும்போதே மற்றொன்று ஏறும்படி கலப்பது). லூப் ஒலிக்கு எம்பி3 வேண்டவே வேண்டாம். சுருக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும், அதனால் இடைவெளி விழக்கூடும். வேவ் அல்லது ஆக்.

பாதிரா:
எண்ணைச் சிதறவிட்டதும் கிடங்கே மாறிவிட்டது, நன்றி! இன்னும் ஒன்று. ரோபோ அழியும்போது க்யூ_ஃப்ரீ() கொடுக்கிறேன், ஒலி கத்தரித்தாற்போல் நிற்கிறது. மோட்டார் மெல்ல அடங்க வேண்டும். வால்யூம்_டிபியை ட்வீன் (ஒரு மதிப்பைப் படிப்படியாக மாற்றும் கருவி) வைத்துக் குறைத்துப் பார்த்தேன், அதுவும் வேலை செய்யவில்லை.

அலைநீளம்:
ஒலி நோடு ரோபோவின் பிள்ளை. தாய் போனால் அதுவும் போகும். அழிக்கும் முன் ரீபேரண்ட்() கொண்டு அதை லெவல் சீனின் (ரோபோக்கள் இருக்கும் கிடங்குக் காட்சியின்) கீழே மாற்றிவிடுங்கள், இருந்த இடத்திலேயே இருக்கும். ட்வீனை யார் உருவாக்குகிறார் என்பதையும் பாருங்கள். ரோபோவின் ஸ்கிரிப்டில் வெறுமனே கிரியேட்_ட்வீன்() என்று எழுதினால் அது ரோபோவோடு கட்டப்பட்டது, ரோபோ போனதும் ட்வீனும் செத்துவிடும், ஒலி பாதி வால்யூமில் அநாதையாக ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார்_ஒலி.கிரியேட்_ட்வீன்() என்று ஒலி நோடிடமே கேளுங்கள். அரை நொடியில் -40 டெசிபலுக்கு இறக்கி, கடைசியில் ஒலி நோடு தன்னைத்தானே க்யூ_ஃப்ரீ() செய்துகொள்ளட்டும். பிட்ச்_ஸ்கேலையும் கூடவே 0.4 வரை இறக்கினால் மோட்டார் ஓய்வது போலவே கேட்கும்.

கரிச்சான்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே மாதிரிதான், ஆனால் மனிதப் பாத்திரங்களின் காலடி ஒலி. நாலு காலடி உள்ள கோப்பை லூப்பில் போட்டிருக்கிறேன், வேகம் மாறினால் காலும் ஒலியும் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

சில்லுவண்டு:
காலடியை லூப் ஆக்காதீர்கள். ஒரு காலடிக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, நாலைந்தை ஆடியோஸ்ட்ரீம்ரேண்டமைசரில் போடுங்கள், பிட்ச்சையும் வால்யூமையும் அதுவே கொஞ்சம் மாற்றிக் கொடுக்கும். அனிமேஷன் பிளேயரில் மெத்தட் கால் ட்ராக் ஒன்று சேர்த்து, பாதம் தரையைத் தொடும் ஃபிரேமில் பிளே() கூப்பிடுங்கள். அனிமேஷன் வேகம் மாறினால் ஒலியும் தானாகவே கூட வரும். அனிமேஷன் ட்ரீயில் நடையையும் ஓட்டத்தையும் கலக்கிறீர்கள் என்றால் இரண்டின் ட்ராக்கும் கூப்பிட்டு ஒரு காலுக்கு இரண்டு ஒலி வரலாம், கடைசி காலடியிலிருந்து 0.15 நொடி ஆகாவிட்டால் விட்டுவிடு என்று ஒரு தடுப்பு வையுங்கள்.

பாதிரா:
ரீபேரண்ட் வேலை செய்கிறது, அடங்கும் ஒலி பிரமாதம். கடைசியாக ஒன்று மட்டும்: பாஸ் மெனு (விளையாட்டை இடைநிறுத்தும் மெனு) திறக்கும்போது இந்த எட்டு லூப்பையும் நானே நிறுத்தி, மூடும்போது திரும்பத் தொடங்க வேண்டுமா?

ஒட்டுவேலை:
வேண்டாம். சீன் ட்ரீயை பாஸ் செய்தால் அவை தானாகவே நிற்கும், விட்ட இடத்திலிருந்தே தொடரும். மெனுவில் இசை ஓட வேண்டும் என்றால் அந்த இசை நோடின் பிராசஸ் மோடை மட்டும் 'ஆல்வேஸ்' ஆக்குங்கள். ரோபோக்களை அப்படியே விடுங்கள்.