புதுப்பிப்பு: பெம்புரோக்‌ஷயர் கடலோரப் பாதையில் இரு கழிமுகங்களைக் கடந்தது

வேல்ஸின் பெம்புரோக்‌ஷயர் கடலோரப் பாதையில், டேல் சிற்றூரை அடுத்த கான், அதற்கப்பாலுள்ள சாண்டி ஹேவன் ஆகிய கழிமுகங்களை ஒரே நாளில் கடக்க இயலுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். இயலும், கடந்துவிட்டோம். கடல்நீர் வற்றியிருக்கும்போது மட்டுமே இரண்டையும் கடக்க முடியும் என்பதால், நீர்மட்டம் மிகத் தாழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கானைத் தாண்டி, இடைப்பட்ட ஆறேழு கிலோமீட்டரையும் எங்கும் நிற்காமல் நடந்து, நீர் மீண்டும் ஏறுவதற்குள் சாண்டி ஹேவனின் மறுகரையை அடைந்தோம். ஓத அட்டவணையை முந்தைய இரவே பார்த்துவைக்கச் சொன்ன நண்பருக்கு உளமார்ந்த நன்றி.

ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளும் இப்பாதையில், காசில்மார்ட்டின் இராணுவச் சுடுகளத்தில் சுடும் பயிற்சி நடப்பதைக் குறிக்கும் செங்கொடி பறந்ததால், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியுள்ள சாலை வழியே சுற்றிச் செல்ல நேர்ந்தது. அதனால், அச்சுடுகளப் பகுதியின் கடலோரத்திலுள்ள ‘வேல்ஸின் பச்சைப் பாலம்’ எனப்படும் சுண்ணாம்புக்கல் வளைவைக் காண இயலாமற்போனது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.