பார்த்தீனியத்தில் துரு நோய்: பொடியைக் கரைத்துத் தெளிக்கலாமா?

களைபிடுங்கி:
பார்த்தீனியம் பிடுங்கிப் பிடுங்கிக் கையெல்லாம் தடிப்பு. போன வாரம் ஒரு செடியின் இலைகளில் செங்கல் தூள் மாதிரிப் பழுப்புப் பொடி பார்த்தேன், தேய்த்தால் விரலில் ஒட்டுகிறது. பக்கத்துச் செடியெல்லாம் பூத்துக் குலுங்க, இது மட்டும் வெளிறி நிற்கிறது. இந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்து மற்றச் செடிகளுக்கு அடிக்கலாமா? பயிர் நோயைத் தடுக்கப் போடுகிற டிரைக்கோடெர்மா பூஞ்சை மாதிரி வீட்டிலேயே பெருக்க முடியுமா? பயிருக்குப் பரவிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பூஞ்சைக்காரி:
துரு நோயாக இருந்தால் பெருக்குவது கஷ்டம். துருப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வளரும். ஆய்வகத்தில் இதற்காகவே நான் தொட்டியில் களை வளர்த்தேன், உரம் போட்டு! பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாலையில் பொடியைத் தூரிகையால் தடவி, தண்ணீர் தெளித்து, பாலித்தீன் பையால் மூடி வைப்போம். அந்தப் பொடிதான் பூஞ்சையின் வித்து; இலை பல மணி நேரம் ஈரமாக இல்லாவிட்டால் அது முளைக்காது. ஒருமுறை ஒரு பையில் ஓட்டை. அந்தத் தொட்டியில் மட்டும் ஒரு புள்ளிகூட வரவில்லை. வெயிலில் கரைத்து அடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பயிர் விஷயம்: துருவுக்கு நாக்கு ரொம்பப் பொல்லாதது, தனக்குப் பிடித்த செடியைத்தான் தொடும். ஆனால் அது துருதானா என்று நுண்ணோக்கியில் பார்க்காமல் எதையும் அடிக்காதீர்கள். இலைப்புள்ளி நோய்ப் பூஞ்சைகளில் சில பயிரையும் தாக்கும்.

அந்த நாக்கே சில சமயம் காலை வாரிவிடும். ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் காண்ட்ரில்லா என்ற களைக்கு 1971-இல் ஒரு துருவை விட்டார்கள். களையில் மூன்று வகை. குறுகிய இலை வகை சுருண்டு விழுந்தது. துரு தொடாத மற்ற இரண்டும் காலியான இடத்தில் பரவிவிட்டன.

நெல்வயல்:
தெளிக்கிற பூஞ்சையும் உண்டு. அமெரிக்காவில் நெல், சோயா வயல் களை ஒன்றுக்கு 1982-இல் 'கொலெகோ' என்ற பூஞ்சைக் களைக்கொல்லி வந்தது. அதிலிருப்பது கொலட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சை, செடி இல்லாமலே வளர்க்கலாம், அதனால் விற்க முடிந்தது. வயலில் பத்துக் களை இருக்க, ஒன்றை மட்டும் கொல்வதை எத்தனை பேர் வாங்குவார்கள்? அதற்கு முந்தைய வருடம் எலுமிச்சைவகைத் தோட்டக் கொடிக்களைக்கு வந்த 'டிவைன்' கதை இன்னும் வேடிக்கை. ஒருமுறை அடித்தால் மண்ணிலேயே பல வருடம் இருந்து வேலை செய்ததாம். மறுபடி யார் வாங்குவார்கள்? (அது பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரி, கறாராகப் பார்த்தால் பூஞ்சையே இல்லை. சரி, அது தனிச் சண்டை.)

களைபிடுங்கி:
இலை எடுக்கப் போனேன். நேற்று ஆள் வைத்துக் களையெடுத்ததில் அந்தச் செடியும் போய்விட்டது!

பூஞ்சைக்காரி:
அடடா. சுற்றியுள்ள செடிகளில் இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், பொடி காற்றில் போயிருக்கும். கிடைத்தால் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். அப்புறம், கையுறை போடுங்கள்.