ஹீட்டர் இல்லாத கோல்ட்ஃபிஷ் தொட்டி, ஊட்டி குளிர்: என்ன செடிதான் தாங்கும்?

ஊட்டி_குளிர்
எல்லாருக்கும் வணக்கம். 3 அடி தொட்டி, தண்ணி ஒரு 100 லிட்டர் இருக்கும், உள்ள ரெண்டு காமெட் வகை கோல்ட்ஃபிஷ். ஹீட்டர் போடல, போடுற ஐடியாவும் இல்ல, மீன் ரெண்டும் ஜம்முனுதான் சுத்துது. டிசம்பர் ஜனவரில காலைல தெர்மாமீட்டர் 13 காட்டும், மதியம் 16, 17 வரும். பிரச்சனை செடிதாங்க. மொதல்ல கபோம்பா வாங்கினேன், ஒரே நைட்ல மொட்டை, காலைல பாத்தா தண்டு மட்டும் குச்சி குச்சியா நிக்குது. அப்புறம் கோவை போனப்ப ஒரு கடைல "இது சாகவே சாகாது தம்பி"ன்னு பச்சையும் வெள்ளையுமா கோடு போட்ட ஒரு செடி குடுத்தாங்க, மீனும் தொடல, நானும் சந்தோஷமா இருந்தேன், ஒன்றரை மாசத்துல அடியில இருந்து கொழகொழன்னு அழுகி தொட்டியே நாறிப்போச்சு. பிளாஸ்டிக் செடி வாங்கலாம்னா பொண்ணு விட மாட்டேங்குறா. குளிரும் தாங்கணும், இந்த ரெண்டு ஆடுங்க வாயும் தாங்கணும், அப்படி ஏதாவது இருக்கா?

கொளத்தூர்_பக்கம்
ப்ரோ அந்த கோடு போட்ட செடி தண்ணிச்செடியே இல்ல, டிரசீனா வகையா இருக்கும், தொட்டில வைக்கிற பூச்செடி. லக்கி பேம்பூவும் அதே கதைதான், வேர் தண்ணில இருக்கலாம், இலை முழுகினா மெதுவா அழுகும். இங்க எங்க ஏரியா முழுக்க மீன் கடைங்க, இங்கயும் இத அக்வேரியம் செடின்னு விக்கிறாங்க. அடுத்த தடவை வாங்குறப்ப செடிய தண்ணிய விட்டு வெளிய தூக்கி பாருங்க, நெஜமான தண்ணிச்செடி பாதிக்கு மேல ஊறின நூடுல்ஸ் மாதிரி தொங்கிடும், விறைப்பா நின்னா சந்தேகப்படுங்க. அனுபியாஸ் மாதிரி சிலது விதிவிலக்கு, அதுங்க வெளியவும் விறைப்பாதான் நிக்கும்.

உங்களுக்கும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும்தான் சொல்வேன். அனுபியாஸ் இலை தோல் மாதிரி இருக்கும், கோல்ட்ஃபிஷ் ஒரு கடி கடிச்சு பாத்துட்டு துப்பிடும். ரெண்டையும் மண்ணுல நடாதீங்க, இஞ்சி மாதிரி படுத்திருக்கிற கிழங்கு மண்ணுக்குள்ள போனா அழுகிடும். கல்லுலயோ கட்டையிலயோ நூல் போட்டு கட்டுங்க, கல்லு கொஞ்சம் கனமா இருக்கட்டும், இல்லன்னா கல்லோட சேத்து உருட்டி வெளையாடும்.

குன்னூர்_மீன்காரி
கொளத்தூர் அண்ணா சொல்றது சென்னை வெயிலுக்கு சரி. நான் குன்னூர்ல அனுபியாஸ் வச்சு பாத்தவ, சாகல, ஆனா வளரவும் இல்ல. அது மேற்கு ஆப்பிரிக்கா செடி, சூடு பழகினது, நம்ம குளிர்ல மாசக்கணக்குல புது இலையே விடாது, இருக்கிற இலை மேல கருப்பா பாசி ஏறி பாக்கவே அசிங்கமா ஆயிடும். லைட்ட 6 மணி நேரத்துக்கு மேல போடாம, நெழலா ஒரு மூலைல வச்சா பரவால்ல.

நம்ம மலை ஊருக்கு செடி கடினமா இருந்தா மட்டும் போதாதுங்க, மீன் திங்கிற வேகத்துக்கு மேல அது வளரணும், குளிர்ல எல்லா செடியும் வேகத்த குறைச்சுடும் ஆனா இந்த காமெட்டுங்க 13 டிகிரிலயும் மேஞ்சுகிட்டேதான் இருக்கும். அதனால என் ஓட்டு ஹார்ன்வொர்ட்டுக்கு. வேரே கிடையாது, நட வேண்டாம், தோண்டி புடுங்கவும் அதுங்களால முடியாது. பனி விழுற நாட்டு ஏரில எல்லாம் தானா வளர்ற செடி, இலை கொஞ்சம் சொரசொரப்பு, மீனுக்கு அவ்வளவா பிடிக்காது. கோல்ட்ஃபிஷ் போடுற கழிவால தண்ணில சேர்ற நைட்ரேட்ட அது உறிஞ்சுறது பெரிய உபகாரம். ஒரே ஒரு தொல்லை, புது தண்ணிக்கு மாத்தினதும் ஊசி ஊசியா கொட்டும், ஃபில்டர் வாயெல்லாம் அடைச்சுக்கும், ரெண்டு வாரம் பல்ல கடிச்சுகிட்டு ஸ்பாஞ்ச கழுவுங்க. கொட்டுதேன்னு தூக்கி போட்டுடாதீங்க, நான் மொத தடவை அப்படித்தான் தூக்கி போட்டேன்.

அப்புறம் ஹைட்ரில்லா, ஸ்கூல்ல சோதனைக்குழாய்ல கவுத்து வச்சு குமிழி எண்ணுவோமே அதேதான். அத அலங்காரத்துக்கு வைக்காதீங்க, தனியா ஒரு பக்கெட்ல வளத்து வாரம் ஒரு கைப்பிடி கீரை மாதிரி போடுங்க. வயிறு ரொம்பினா மத்த செடிய கொஞ்சம் விட்டு வைக்கும்.

ஸ்காபரோ_தொட்டி
நான் டொரோன்டோவில இருக்கிறன், பேஸ்மென்டில ஹீட்டர் இல்லாமல் ஏழு வருசமாக் கோல்ட்ஃபிஷ் வளர்க்கிறன், மாரியில தண்ணி 16, 17 தான் நிக்கும். வாலிஸ்நேரியாவை ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு பார்த்தன். புல்லு மாதிரி நீட்டு இலை, பக்கத்தால கொடி விட்டுக் குட்டி போடும். நட்டு முதல் மாசம் இலை உருகின மாதிரிப் போகும், பயப்பிடாதேங்கோ, வேர் பிடிச்சா புதுசா வரும். ஆனா சும்மா மணலில நட்டா இதுகள் கிண்டி மேல மிதக்க விட்டிடும். நான் சின்ன மண் சட்டியில நட்டு மேல கூழாங்கல் அடுக்கி வச்சிருக்கிறன். கல்லு மீனின்ட வாயை விடப் பெரிசா இருக்கவேணும், இல்லாட்டி வாய்க்குள்ள கல்லு இறுகிப்போகும், எனக்கு ஒருக்கா நடந்து டுவீசரால மெல்ல எடுத்து விட்டனான், கை நடுங்கிப் போச்சு.

காமெட் ஒரு அடி வரை வளரும் தம்பி, 100 லிட்டர் கனகாலம் காணாது, அதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ. மிஞ்சிற செடியை ஏரி குளத்தில கொட்டாதேங்கோ, இங்க அது பெரிய பிரச்சனை.

ஊட்டி_குளிர்
ரொம்ப நன்றி, ஒரே நாள்ல இவ்வளவு பதில் எதிர்பாக்கல. பெரிய தொட்டி விஷயம் வீட்டுல இன்னும் பேசல, பேசுற தைரியம் வரட்டும். ரெண்டு சந்தேகம். அனுபியாஸ ஃபெவிக்விக் வச்சு ஒட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரு, மீனுக்கு ஒண்ணும் ஆகாதா? அப்புறம் ஹார்ன்வொர்ட் ஒருத்தர் குளத்துல இருந்து எடுத்து தர்றேன்னு சொல்றாரு, அப்படியே போட்டுடலாமா?

கொளத்தூர்_பக்கம்
ஒட்டலாம் ப்ரோ, தண்ணி பட்டதும் கெட்டியாகிடும், காஞ்சதுக்கப்புறம் ஒண்ணும் பண்ணாது, நான் எல்லாமே அப்படித்தான் ஒட்டுறேன். ஒரு சொட்டு போதும், வேர்ல வைங்க, கிழங்கு முழுக்க பூசாதீங்க.

குளத்து செடிய அப்படியே போடவே கூடாது, நத்தை முட்டை, பூச்சி எல்லாம் கூடவே வரும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் லேசான ரோஸ் கலர் வர்ற அளவு கலந்து 10 நிமிஷம் முக்கி, நல்லா கழுவிட்டு, ரெண்டு வாரம் தனி பக்கெட்ல வச்சு பாத்துட்டு போடுங்க. கலர் கத்திரிப்பூ மாதிரி அடர்த்தியா ஆச்சுன்னா செடியே கருகிடும். குன்னூர் அக்கா சொன்னது சரிதான், குளிர நான் யோசிக்கல.

குன்னூர்_மீன்காரி
இன்னொண்ணு மறந்துட்டேன், மணி பிளான்ட். எல்லார் வீட்டு ஜன்னல்லயும் பாட்டில்ல இருக்குமே. வேர் மட்டும் தண்ணில, இலை வெளிய, தொட்டி பின்பக்கம் தொங்க விடுங்க. வேர கொஞ்சம் கொறிக்கும், அதுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பால ஓட்டை போட்டு உள்ள விட்டா தப்பிச்சுக்கும்.

ஊட்டி_குளிர்
அப்டேட்: பக்கெட்ல இருந்து எடுத்து ஹார்ன்வொர்ட் போட்டு 9 நாள் ஆச்சு. நீங்க சொன்ன மாதிரியே ஊசியா கொட்டுது, ஸ்பாஞ்ச ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவுறேன், ஆனா நுனில பச்சையா புதுசு தெரியுது. வாலிஸ்நேரியா சட்டிய சின்ன காமெட் ரெண்டு தடவை சாச்சிடுச்சு, அடியில செங்கல் துண்டு வச்சு முட்டு குடுத்திருக்கேன். மணி பிளான்ட் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டிருக்கேன்.