சான் பாப்லோ ஏழு ஏரி: சேலத்துல இருந்து குடும்பத்தோட போக வழி சொல்லுங்க

கன்னங்குறிச்சி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மே மாசம் பள்ளிக்கூட லீவுல பிலிப்பைன்ஸ் போறதா இருக்கோம். நான், வீட்டுக்காரம்மா, பத்து வயசுப் பையன், எங்க அம்மா. அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. கடற்கரை, தீவு எல்லாம் வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. மணிலாவுக்குத் தெற்கே லகுனா மாகாணத்துல சான் பாப்லோன்னு ஒரு ஊர், எரிமலை வெடிச்ச பள்ளத்துல உண்டான ஏழு ஏரி இருக்குன்னு படிச்சேன். அங்க போகணும்.

கேள்விகள்: சேலத்துல இருந்து எந்த வழியா போறது சுலபம்? மணிலாவுல தங்கி ஒரே நாள்ல ஏழையும் பார்த்துட்டுத் திரும்ப முடியுமா? அம்மாவால எது எதுக்கு வர முடியும்? சாப்பாட்டுக்கு என்ன வழி? டால் எரிமலையும் இதுவும் ஒரே இடமா?

அஸ்தம்பட்டி

வணக்கம் தம்பி. கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், நிறைய பேர் அதுலதான் குழம்பறாங்க. டால் வேற, சான் பாப்லோ வேற. டால் இன்னும் உயிரோட இருக்கிற எரிமலை. 2020 ஜனவரி 12-ல வெடிச்சுது. ஏரி நடுவுல இருக்கிற எரிமலைத் தீவு நிரந்தர அபாயப் பகுதி. அதைத் தூரத்துல இருந்து பார்க்க டகாய்டாய் மேட்டுக்குப் போவாங்க. அது வேற சாலை. ரெண்டையும் ஒரே நாள்ல சேர்த்தா வண்டியிலேயே பொழுது போயிடும்.

விமானம்: நம்ம ஊருக்கு வசதி திருச்சி. நாமக்கல் வழியா மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அங்கிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் ரெண்டுக்கும் நேரடி விமானம் உண்டு, அங்க மாறி மணிலா. டெல்லியில இருந்து மணிலாவுக்கு ஏர் இந்தியா 2025 அக்டோபர்ல நேரடி விமானம் விட்டாங்க, ஆனா சேலத்துக்காரங்களுக்கு அது தலையைச் சுத்தி மூக்கைத் தொடற கதை.

இதுல ஒரு விஷயம் கவனமா இருக்கணும். விலை குறைவுன்னு திருச்சி-சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்-மணிலா வேற டிக்கெட்னு தனித்தனியா எடுத்தா, பெட்டியை அங்க எடுத்து மறுபடி செக்-இன் பண்ண வேண்டி வரும். அதுக்குக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே போகணும், சிங்கப்பூர் விசா இல்லாம அது நடக்காது. ஒரே முன்பதிவா எடுங்க, பெட்டி மணிலா வரைக்கும் போகும்னு கேட்டு உறுதி பண்ணுங்க. கோலாலம்பூர் வழின்னா இந்தச் சிக்கல் குறைவு. இந்தியர்களுக்கு மலேசியாவுல 2026 டிசம்பர் 31 வரை விசா விலக்கு இருக்கு. வெளியே வர்றதா இருந்தா அவங்க டிஜிட்டல் வருகை அட்டையை மூணு நாளைக்குள்ள நிரப்பிடுங்க.

பிலிப்பைன்ஸ் விசா: 2025 ஜூன்ல இருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாம அனுமதி. நீட்டிப்பு கிடையாது. பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லணும்; திரும்பி வர்ற டிக்கெட், தங்குற இடத்து முன்பதிவு, செலவுக்குப் பணம் இருக்கிறதுக்கு வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கையில தாளாவே வெச்சுக்குங்க. இ-டிராவல்னு அவங்க அரசாங்கத்தோட இணைய வருகைப் பதிவு ஒண்ணு இருக்கு, அதை வந்து இறங்குறதுக்கு 72 மணி நேரத்துக்குள்ள நாலு பேருக்கும் பண்ணணும், அது இலவசம். காசு கேக்கிற தளம் எதுவா இருந்தாலும் போலி, மூடிட்டு வெளியே வாங்க.

மணிலாவுல இருந்து: குபாவ், புவெந்தியா ரெண்டு பக்கமும் பேருந்து நிலையம் இருக்கு. லுசேனா போற பேருந்து சான் பாப்லோ வழியாத்தான் போகும். ரெண்டுல இருந்து மூணு மணி நேரம். ஏறும்போதே நடத்துநர்கிட்ட "சான் பாப்லோ"ன்னு சொல்லிடுங்க. பேருந்து ஊருக்குள்ள போகாது, நெடுஞ்சாலையில இறக்கிவிடும். அங்கிருந்து ட்ரைசைக்கிள், அதாவது பக்கவாட்டுப் பெட்டி வெச்ச மோட்டார் சைக்கிள். அம்மா இருக்கிறதால பெட்டியோட நாலு பேரும் ஒரே வண்டியில திணிக்காம ரெண்டு எடுத்துடுங்க. ஏறுறதுக்கு முன்னாடியே வாடகை பேசிடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணிலாவை விட்டு வெளியே வராதீங்க, தெற்கே போற விரைவுச்சாலை அசையாது.

ஒரே நாள்ல ஏழு ஏரியும்? வேண்டாம் தம்பி. ஒரு ராத்திரி சான் பாப்லோவுல தங்குங்க. ஏழையும் எண்ணி முடிக்கணும்னு ஓடினா கரையில நின்னு போட்டோ எடுத்ததுதான் மிச்சம். பண்டின், யம்போ, சம்பலோக் இந்த மூணையும் நிதானமா பாருங்க. நேரம் மிஞ்சினா மோஹிகாப், பலக்பாக்கின் ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கு. கலிபாத்தோ, புனோத் ரெண்டும் மீன் வளர்ப்பு ஏரி, சுற்றுலாவுக்குன்னு அங்க பெருசா ஒண்ணும் இல்ல.

முதல் நாள் காலைல 6 மணிக்குள்ள மணிலாவுல பேருந்து ஏறினா 9 மணிக்கு ஊர்ல இருப்பீங்க. பெட்டியை விடுதியில போட்டுட்டு நேரா பண்டின். அங்க ஏரியைத் தெப்பத்துல சுத்திக் காட்டுவாங்க, அது காலைலதான் நல்லது; மதியத்துக்கு மேல காத்தும் மழையும் சேரும். ஞாயித்துக்கிழமை மணிலாக் கூட்டம் மொத்தமும் அங்கதான், செவ்வாயோ புதனோ வெச்சுக்குங்க.

அன்னதானப்பட்டி

அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க, அதனால பண்டின் எப்படி இருக்கும்னு நான் விவரமா சொல்றேன்ங்க.

சாலையில இறங்கினதும் ஏரி கண்ணுல படாது. தென்னந்தோப்பு நடுவுல பத்து நிமிஷம் மாதிரி நடக்கணும். மழை பெஞ்சிருந்தா வழுக்கும், அம்மாவுக்கு நல்ல பிடிப்பு உள்ள செருப்பும் ஒரு கைத்தடியும் எடுத்துக்குங்க. கரையில மூங்கில் தெப்பம் வரிசையா கட்டியிருக்கும், மேல கூரை, நடுவுல சாப்பாட்டு மேசை, ரெண்டு பக்கமும் பெஞ்சு. கால் மடக்காம உக்காரலாம், அதனால முழங்கால் வலிக்காரங்களுக்குத் தோதுதான். தெப்பம் ஓட்டறது அந்த ஊர்ப் பெண்கள். மோட்டார் இல்ல. ஏரிக்குக் குறுக்கே கட்டியிருக்கிற கயித்தைக் கை மாத்தி மாத்திப் பிடிச்சு இழுத்தே தெப்பத்தை நகர்த்துவாங்க, சத்தமே இருக்காது. உயிர்காப்பு அங்கி கட்டாயம், பையன் கழட்டறேன்னு அடம் பிடிச்சாலும் விடாதீங்க.

அக்கரையில தெப்பத்தை நிறுத்துவாங்க. அங்க இருந்து செங்குத்தா கொஞ்சம் படி ஏறினா ஒரு பக்கம் பண்டின், மறு பக்கம் யம்போ, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிய கரை. ரெட்டை ஏரின்னு ஏன் சொல்றாங்கன்னு அங்க நின்னாத்தான் புரியும். அம்மா ஏற வேண்டாம். ஒருத்தர் அவங்ககூடத் தெப்பத்துலயே இருங்க, மத்தவங்க போயிட்டு வந்து மாத்திக்கலாம்.

மதியச் சாப்பாடு தெப்பத்துலயே வாழை இலை போட்டுப் பரிமாறுவாங்க. வழக்கமா சுட்ட திலாப்பியா மீன், தேங்காய்ப்பால் இறால், சோறு, இளநீர், அப்புறம் பாக்கோங்கற காட்டுக் கீரைப் பச்சடி. இந்தக் கீரை ஒரு வகைப் பெரணியோட சுருண்ட குருத்து. லேசா வெந்நீர்ல போட்டு எடுத்து, தக்காளி, வெங்காயம், வினிகர் சேர்த்துக் கலப்பாங்க. மேல உப்பு வாத்து முட்டை நறுக்கிப் போடுவாங்க. முந்தின நாளே விடுதிக்காரங்களை விட்டுப் போன் பண்ணச் சொல்லுங்க: ஒரு சாப்பாடு மீன், இறால், முட்டை எதுவும் இல்லாம, கீரை தனியா, மீன் சாறு விடாம. சமைச்சு முடிச்ச பிறகு சொன்னா அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது.

சைவத்துக்குப் பெரிய தொல்லை கண்ணுக்குத் தெரியாததுதான். காய்கறிப் பொரியல் மாதிரி இருக்கும், உப்புக்குப் பதிலா பதிஸ் விட்டிருப்பாங்க, அது மீன் சாறு. பரங்கிக்காய், காராமணி தேங்காய்ப்பால் கூட்டு மணக்க மணக்க இருக்கும், அடியில இறால் கிடக்கும். இல்லன்னா பகோஓங்னு இறால் விழுது. "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா மாமிசத் துண்டை எடுத்துட்டுக் கொடுத்துடுவாங்க. பேர் சொல்லியே கேக்கணும்: "வாலாங் கர்னே, வாலாங் இஸ்தா, வாலாங் ஹிபோன், வாலாங் பதிஸ், வாலாங் இத்லோக்". மாமிசம், மீன், இறால், மீன் சாறு, முட்டை எதுவும் வேண்டாம்னு அர்த்தம். தாள்ல எழுதிக் காட்டினா இன்னும் நல்லது.

அம்மா தைரியமா சாப்பிடக்கூடியது: வெள்ளைச் சோறு, இளநீர், வாழைப்பழம், சக்கரைப் பாகுல பொரிச்ச வாழைக்காய்க் குச்சி, இலையில சுத்தி அவிச்ச சுமான் (ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும்). காலைல தெருவுல "தாஹோ"ன்னு கூவிட்டு வருவாங்க. சூடான சோயாத் தயிர்ல வெல்லப்பாகும் ஜவ்வரிசியும் போட்டது, நம்ம சேலத்துக்காரங்களுக்கு உடனே பிடிச்சுப் போகும். அந்தப் பக்கம் புகழ் பெற்ற தேங்காய் வழுக்கைப் பை மட்டும் அம்மாவுக்கு வேண்டாம். மேலோட்டுல முட்டையும் சில இடத்துல பன்றிக் கொழுப்பும் சேரும்.

ஊர்ல இருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், தட்டுவடை, ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர் எடுத்துட்டுப் போங்க. மின்சாரம் 220 வோல்ட்தான், ஆனா தட்டைப் பின் ப்ளக். மாத்தி ஒண்ணு வாங்கிக்குங்க. மே மாசம் மாம்பழ சீசன்னு மல்கோவா ஒண்ணும் பெட்டியில வைக்காதீங்க, அனுமதிச் சான்று இல்லாத பழத்தைத் தடுப்புச் சோதனையில பிடுங்கிடுவாங்க.

நாகலூர் காபித்தோட்டம்

ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. என்ன பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் பையனுக்கும் சுவையாக இருக்கும்.

நம் சேலத்துச் சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட் என்ற மிகப் பழமையான கடினப் பாறை. இங்கே எரிமலை வாய் ஏரி கிடையாது. மகாராஷ்டிரத்தின் லோனார்கூட விண்கல் விழுந்த பள்ளம்தான். சான் பாப்லோவில் நடந்தது வேறு. கீழிருந்து ஏறிய கற்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீர் ஒரே நொடியில் நீராவியாகிப் பூமியைப் பிளந்துகொண்டு வெடித்தது. மலையாக எழும்பாமல் தட்டையான தரையில் கிண்ணம்போல் பள்ளம் விழுந்தது. பிறகு ஊற்றும் மழையும் அதை நிரப்பின. இப்படிப்பட்ட பள்ளத்துக்கு நிலவியலில் மார் என்று பெயர். அதனால்தான் ஏழும் வட்ட வட்டமாக, கரை சட்டென்று இறங்குவதாக இருக்கின்றன.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று ஆழம். பண்டின் சிறிய ஏரிதான், ஆனால் 60 மீட்டருக்கு மேல் ஆழம். கலிபாத்தோ ஏழிலும் ஆழமானது, 100 மீட்டரைத் தாண்டும். பலக்பாக்கின் மட்டும் 8 மீட்டருக்குள். கரையோரம் இடுப்பளவுதானே என்று நினைத்து இரண்டு அடி வைத்தால் கால் நிலை கொள்ளாது. குளிக்க ஆசை என்றால் பண்டினில் தெப்பத்தை ஒட்டி, அங்கியோடு மட்டும்.

இன்னொன்று, இந்த ஏரிகளில் அழுக்கை அடித்துச் செல்லும் பெரிய நீரோட்டம் இல்லை. உள்ளே விழுந்தது உள்ளேயே தங்கும். சம்பலோக் ஏழிலும் பெரியது, 104 ஹெக்டேர், 27 மீட்டர் ஆழம், ஊரின் நடுவிலேயே இருக்கிறது. மீன் வளர்க்கும் கூண்டுகள் ஏரிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது 1998-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம். கூண்டுகள் பெருகிய காலத்தில் மீன் தின்றது போக மிஞ்சிய தீவனம் அடியில் படிந்து அழுகியது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்கும். ஆக்சிஜன் இல்லாத, கந்தக வாடை வீசும் அடிநீர் மேலே வரும். கூண்டில் இருக்கும் மீன் ஓட வழியில்லாமல் செத்து மிதக்கும். குளோபல் நேச்சர் ஃபண்ட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2014-இல் இந்த ஏழு ஏரிகளையும் அந்த ஆண்டின் அபாயத்தில் உள்ள ஏரியாக அறிவித்ததற்குப் பின்னணி இதுதான். பண்டின் இன்னும் தெளிவாக இருக்கிறது என்றால், அதைக் காப்பாற்றுபவர்களில் தெப்பம் ஓட்டும் அந்தப் பெண்களும் உண்டு. சாப்பிட்ட மிச்சத்தை ஏரியில் போடாதீர்கள். மீனுக்குத்தானே என்று சோற்றைக்கூட வீச வேண்டாம். சோப்பு, ஷாம்பு அறவே கூடாது.

சம்பலோக்கை நடந்து சுற்ற நாலு கிலோமீட்டர் வரும், சமதளம்தான். அதிகாலை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. மேலே பூங்காவிலிருந்து ஏரிக்கு இறங்கும் பழைய கல்படிகள் இருநூறுக்கு மேல். அம்மாவை அந்த வழியாகக் கூட்டிப் போகாமல் ட்ரைசைக்கிளில் சாலை வழியாகவே கரைக்கு வாருங்கள்.

கன்னங்குறிச்சி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், தெப்பத்துல பெஞ்சு இருக்குன்னதும் சம்மதிச்சுட்டாங்க. இன்னும் மூணு சந்தேகம். மே மாசம் மழை, புயல் எப்படி? பணம் எப்படி எடுத்துட்டுப் போறது, யூபிஐ நடக்குமா? பண்டின்ல மதியம் முடிஞ்சா மிச்சப் பொழுதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?

அஸ்தம்பட்டி

ஏப்ரல், மே அங்க உச்ச வெயில், நம்ம ஊர் மாதிரிதான், புழுக்கம் மட்டும் கூட. மே பாதிக்கு மேல சாயங்கால மழை ஆரம்பிக்கும். புயல் காலம் அதுக்கப்புறம்தான், ஜூலைல இருந்து அக்டோபர் வரை மோசம். அதனால மே முதல் பாதியில முடிச்சுடுங்க. என்னைக்காவது ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துல போற மாதிரி வந்தா தவிர்த்துடுங்க, ஊரே விடுமுறை, பேருந்துல இடம் கிடைக்காது.

யூபிஐ-யை நம்பிப் போகாதீங்க. தெப்பம், ட்ரைசைக்கிள், ஜீப்னிங்கற சின்னப் பேருந்து, சந்தை எல்லாம் ரொக்கம். ரூபாயை அங்க மாத்தினா நல்ல விலை கிடைக்காது. இங்கயே அமெரிக்க டாலர் வாங்கிட்டுப் போய் மணிலாவுல பேசோவா மாத்துங்க. நோட்டு கிழிசல், மடிப்பு, எழுத்து இல்லாம பார்த்து வாங்கணும். மாத்தும்போதே 20, 50, 100 பேசோவா கொஞ்சம் கேட்டு வாங்கிக்குங்க, ட்ரைசைக்கிள்காரர்கிட்ட ஆயிரத்துக்குச் சில்லறை இருக்காது.

மதியத்துக்கு மேல: பண்டின் இருக்கிற அதே சாலையில மேல போனா நக்கார்லான், அடுத்தது லிலிவ். நக்கார்லான்ல 1845-ல கட்டின நிலத்தடிக் கல்லறை இருக்கு, ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்த 1896 புரட்சிக்காரங்க ரகசியமா கூடின இடம்னு பேர். திங்கக்கிழமை மூடியிருக்கும், கீழறைக்குப் படி இறங்கணும், அம்மா மேலேயே நிக்கலாம். லிலிவ் முழுக்கச் செருப்புக் கடை. செங்கல்ல கட்டின மாதா கோயில் (சர்ச்) ஒண்ணு, சாதா நடைதான். வில்யா எஸ்குதெரோ தோட்டத்தை இதோட சேர்க்காதீங்க, அது ஊருக்கு எதிர்ப்பக்கம் தியாவோங் போற வழியில இருக்கு. அணை அருவித் தண்ணியில கால் நனைச்சுட்டே சாப்பிடற இடம், பையனுக்குப் பிடிக்கும். ரெண்டாம் நாள் வேணும்னா வெச்சுக்கலாம், ஆனா தரை பாசி பிடிச்சு வழுக்கும், அம்மாவை யோசிச்சு முடிவு பண்ணுங்க.

அன்னதானப்பட்டி

ஒண்ணு விட்டுப்போச்சுங்க. தெப்பத்துக்கு வாடகை கேக்கும்போது சாப்பாட்டோடவா, சாப்பாடு இல்லாமயான்னு தெளிவா கேட்டுடுங்க. தலைக்கு இவ்வளவுன்னு சொல்ற கணக்குல பையனுக்கு அரையா முழுசான்னும் கேளுங்க. அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு சரியா வராமப் போனாலும் போகலாம், அதனால அன்னைக்குக் காலைல குக்கர்ல வெறும் சோறு வடிச்சுப் புளிக்காய்ச்சல் கலந்து ஒரு டப்பாவுல எடுத்துட்டுப் போயிடுங்க. தெப்பத்துல வெளிச் சாப்பாட்டுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களான்னு முந்தின நாள் போன்லயே கேட்டுக்கலாம்.